கண்ணுக்கு வைத்த பொட்டு

ரத்தம் போய்விட்டது, ரோமம்தான் போகமாட்டேன் என்கிறது. ஷட்டரின் அடியில், தரையில் வந்து உட்காருகிற இரும்புப் பட்டை இருக்கிறதே, அதற்கும் அதன் கீழே ஒட்டியிருக்கிற கறுப்பு ரப்பருக்கும் நடுவே ஒரு இடுக்கு, அந்த இடுக்கில் போய் அடைந்துகொண்டிருக்கிறது. சாம்பல் நிறம், நுனியில் கொஞ்சம் பழுப்பு. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி பிரஷ்ஷோடு வருகிறது, மீதி இன்னும் உள்ளே போகிறது. பெருச்சாளிக்கு இவ்வளவு முடியா? எங்கள் பக்கம் பெருக்கான் என்போம், சின்ன வயதில் யாரையாவது திட்டத்தான் அந்தச் சொல், பெருக்கான் மூஞ்சி என்று, அதே மூஞ்சியை ஒருநாள் முறத்தில் அள்ளுவேன் என்று யார் கண்டது. சோப்புத்தூள் போட்டாயிற்று, வெந்நீர் ஊற்றியாயிற்று, பினாயிலும் ஊற்றியாயிற்று, இப்போது பினாயிலும் பெருக்கானும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் கிளம்பியிருக்கிறது, அது மூக்கில் இல்லை, நாக்கில் இருக்கிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. காலையில் கறி எடுத்துவருகிறேன் என்று அவர் காரை வெளியே எடுத்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, கணபதி ஏரியாவில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார், ஊருக்கெல்லாம் மோட்டார் செய்கிறவர். ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்க்காமலே ரிமோட்டை அமுக்கினார். எப்போதும் அப்படித்தான், திரும்பிப் பார்த்துவிட்டால் அப்புறம் ரிமோட்டுக்கு என்ன கௌரவம். ஷட்டர் இறங்கியது, சாக்கடைப் பக்கமிருந்து வந்தது குறுக்கே ஓடியது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் ஒன்று அடுப்படி வரைக்கும் கேட்டது. நானும் கையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். ஓடிவந்து சுவர் சுவிட்சை அமுக்கி ஷட்டரைத் தூக்கினால் பாதி உடம்பு பட்டையோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது, வாலோடு. கறிக்குப் போக இருந்த மனுஷன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று, "அய்யோ அம்மிணி, பிள்ளையாரு வாகனமல்ல இது!" என்றார். அள்ளினது நான். அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எங்கள் மகள் பாப்பாவுக்கும் ஊற்றிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, வாகனத்தைக் கொன்ற தோஷத்துக்குத் தேங்காய் உடைக்கப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். "நீ இதக் கொஞ்சம் கழுவிரு புள்ள" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. இனி இந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு யாரும் முருங்கைக்காய் தின்னப்போவதில்லை.

ஷட்டரை இடுப்பளவு தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் பலகை போட்டு உட்கார்ந்து தேய்க்கிறேன். அந்தாண்டை ரோடு, இந்தாண்டை கார் நிறுத்துகிற இடம், எண்ணெய்க் கறை, பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிள். போகிற வருகிறவர்களெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், எதிர்வீட்டம்மா "என்னங்க, பூனையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூனையாக இருந்தால் அதற்கு ஒரு தோஷம், தங்கத்தில் பூனை செய்து வைக்கச் சொல்லியிருப்பார்கள், பெருக்கான் என்பதால் தேங்காயோடு போயிற்று. செத்ததற்கு எது என்றால் என்ன. ஷட்டர் ஏறி இறங்குகிற இரண்டு பக்கத்துக் காடியிலும் கிரீஸ், கிரீஸில் கரப்பான் காலும் பல்லி முட்டையும் பாப்பாவின் தலைமுடியும். பாப்பாவின் தலைமுடி எப்படி இங்கே வந்தது? நீளமாக, ரிப்பன் நூலோடு. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். குகை விளையாட்டு. ஷட்டர் மூடத் தொடங்கியதும் உள்ளேயிருந்து ஓடி, அது இறங்க இறங்கக் குனிந்து குனிந்து, கடைசியில் தவழ்ந்து வெளியே போய் எழுந்து நின்று கை தட்டுவாள். தட்டுகிறது அவள் மட்டும் இல்லை, ரோட்டில் காருக்குள் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இவரும் தட்டுவார். "சபாஷ் கண்ணு! நாளைக்கு இன்னுங் கொஞ்சம் எறங்கட்டும், அப்பறம் ஓடு பாக்கலாம்." ஸ்கூலுக்குக் கிளம்புகிற தினமும் இந்தக் கூத்து. ஐந்து வயசுப் பிள்ளைக்கு அதில் என்ன குற்றம், முதுகில் பையோடு ஓடுகிறாள், பை மாட்டினால்? போன வாரம் பை மாட்டியது, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள், முடி காடியில் சிக்கிப் பிய்ந்தது, அழவில்லை, சிரித்தாள், அப்பா சிரித்தால் அவளும் சிரிப்பாள். "என்னங்க இது விளையாட்டு" என்று கேட்டதற்கு, "அட நீயொண்ணு, அதான் ஷட்டருக்குக் கண்ணு இருக்குதல்ல, குறுக்க ஆளு வந்தா அது தானா நின்னுரும், காசு குடுத்து எதுக்கு வாங்குனோம்?" என்றார். அந்தச் சிரிப்பு, அந்தக் கைதட்டல், அதை நினைத்தால் இந்தப் பெருக்கானை அள்ளினபோது வந்ததைவிட மோசமாகக் குமட்டுகிறது. கட்டின புருஷனைப் பற்றி இப்படி நினைக்கக் கூடாதுதான், நினைக்கிறேன்.

விரல். என் விரல்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பட்டைக்கு அடியில். இந்த ரிமோட்டுக்கு ஒரே பொத்தான், அமுக்கினால் ஏறும், அமுக்கினால் நிற்கும், அமுக்கினால் இறங்கும், எந்த முறைக்கு எது என்று அதற்குத்தான் தெரியும். பாதியில் நிற்கிற ஷட்டரை அவர் தெருமுனையில் வரும்போதே திறக்கிறோம் என்று நினைத்து அமுக்கினால் இறங்கும். தெருமுனையிலேயே அமுக்குவார், பெட்டிக்கடையில் நிற்கிற நாலு பேர் பார்க்க வேண்டாமா, வெள்ளியங்கிரி வீட்டில் தானாகத் திறக்கிறது என்று. எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற, ஷட்டருக்குக் கரண்ட் போகிற ட்ரிப்பரைத் தட்டி அணைத்துவிட்டு வந்தேன். ஒரு பெருக்கான் செத்ததற்கு இவ்வளவு பயமா, செத்தது பெருக்கான்தானே, ஆனால் அது ஏன் செத்தது? குறுக்கே எது வந்தாலும் நின்றுவிடும் என்றுதானே சொன்னார்கள். இதை மாட்டின அன்றைக்கு ஜெகன் என்கிற அந்த ஷட்டர்க்காரர் தன் காலையே குறுக்கே நீட்டிக் காட்டினார், முக்கால்வாசி இறங்கின ஷட்டர் டக்கென்று நின்று மேலே போயிற்று. "கோழிக்குஞ்சு போனாலும் நின்னுருமுங்க" என்றார். இவருக்கு ஒரே பூரிப்பு, அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீடு, பக்கத்து வீடு, பட்டறை ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, பாப்பாவின் பொம்மையைக் குறுக்கே உட்காரவைத்து அமுக்கி அமுக்கிக் காட்டினார், பொம்மையைக் கிட்டத்தில் கூட அண்டாமல் ஷட்டர் ஒவ்வொரு முறையும் மேலே போயிற்று, எல்லாருக்கும் நான் டீ போட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது பொம்மைக்கு நின்றது. இன்றைக்குப் பெருக்கானுக்கு நிற்கவில்லை. பெருக்கான் வேகமாக ஓடியிருக்கும். அதனால்தான். வேகமாக ஓடியிருக்கும் என்று இரண்டாவது தடவை சொல்லிக்கொள்கிறேன். பாப்பாவும் வேகமாகத்தானே ஓடுகிறாள். வேண்டாம், ரோமத்தைப் பார், ரோமத்தைத் தேய். முடி போனால் போதும், கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, இந்த நைட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஷட்டர் ஓரத்துத் தூணிலும் தெறித்திருக்கிறது. துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தால் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பொருக்குப் பொருக்காக என்னவோ. முதலில் இதுவும் அதன் உடம்பில் ஒரு துண்டு என்று நினைத்துக் கையை உதறிவிட்டேன், இல்லை, மஞ்சளாக இருக்கிறது, காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் கறுத்துப்போன குங்குமம், அதில் ஒரு எறும்பு செத்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி. அடச்சீ, இதுதானே அந்தக் கண்ணு. எதிர்த் தூணைப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே உயரத்தில் அதே சந்தனம், அதே குங்குமம். ஆயுத பூஜை. அன்றைக்கு இவர் கையில் சந்தனக் கிண்ணம் கிடைத்தால் வீட்டில் ஒன்றும் தப்பாது, மிக்சிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, ஃப்ரிட்ஜுக்கு, இன்வெர்ட்டருக்கு, கேஸ் சிலிண்டருக்கு, டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பொட்டு, பேட்டரி மூடியில் வைத்தார். காருக்கு முன்னால் எலுமிச்சம்பழம், ஷட்டர் மோட்டாருக்குப் பூமாலை. நமக்குச் சோறு போடுற இயந்திரங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் யாருக்கும் நெற்றியில்தான் பொட்டு வைப்பார்கள். இவர் கண்ணிலேயே வைத்திருக்கிறார், இரண்டு கண்ணிலும், நல்லாக் குழைத்து, தடிப்பாக. கண்ணை மூடிவிட்டால் ஷட்டர் எப்படி மூடும், குறுக்கே யாரோ நிற்கிறார்கள் என்றுதானே அது நினைக்கும்? ஆமாம், மூடவில்லை. பூஜைக்கு மறுநாள் மூடவே இல்லை. பாதி வந்து திரும்பித் திரும்பி மேலே போயிற்று, "சாமி கும்புட்ட மக்யா நாளே மக்கர் பண்ணுதே" என்று இவர் புலம்பினார், ஜெகனை வரச்சொன்னார். அவரும் வந்தார், பெட்டியைத் திறந்தார், கீழே குனிந்து தூணை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை, ஏதோ இரண்டு வயரைப் பிடுங்கி ஒன்றோடு ஒன்று முறுக்கி டேப் சுற்றினார். நான் மோர் கொண்டுபோய் வைத்தபோது அவர் சொன்னது இப்போது காதில் விழுகிறது, "டைரக்ட் பண்ணிட்டனுங்ணா, இனி மக்கரே பண்ணாது." இவரும் "அப்படிப் போடு" என்றார். டைரக்ட். மின்சார வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற சொல்தான், மோட்டார் ஓடவில்லையா டைரக்ட் பண்ணு, ஃபேன் சுவிட்ச் போச்சா டைரக்ட் பண்ணு. அன்றைக்கு அது எனக்கு நல்ல சொல்லாகத்தான் பட்டது. டைரக்ட். பழனிக்கு டைரக்ட் பஸ் என்பார்கள், அந்தப் பஸ் நடுவில் எங்கேயும் நிற்காது. நடுவில் எங்கேயும் நிற்காது. அய்யோ.

அப்படியென்றால் ஆயுத பூஜையிலிருந்து இன்று வரைக்கும் ஸ்கூல் இருந்த அத்தனை நாளும் பாப்பா அதன் அடியில் ஓடினாளே, தவழ்ந்தாளே, பை மாட்டியதே, முடி சிக்கியதே, ஒருதரமாவது அது நின்று மேலே போயிற்றா, நாங்கள் யாராவது கவனித்தோமா? அன்றைக்குப் பிடுங்கின வயர் இந்தக் கண்ணுடையது, இப்போது கண்ணு இல்லை. நின்றிருக்காது. அதற்கு அவளும் தெரியாது, பெருக்கானும் தெரியாது. முருங்கைக்காய். நினைக்காதே, நினைக்காதே என்றால் அதைத்தான் நினைக்கிறது இந்தப் பாழாய்ப்போன மனசு, அந்தச் சத்தம், பட்டையோடு மேலே வந்தது, நீல யூனிஃபார்ம், ரிப்பன். வாயில் புளித்த தண்ணீர் ஊறிச் சாக்கடை ஓரமாகப் போய்த் துப்பினேன், காபிதான் வந்தது. முந்தானையில்லாத நைட்டி, வாயைத் துடைக்கக்கூட ஒன்றுமில்லை. கையைக் காதில் வைக்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெகனைக் கூப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை, அணைத்து வைத்திருக்கிறார். இவரைக் கூப்பிட்டேன். கோயில் மணிச் சத்தத்துக்கு நடுவே, "என்ன புள்ள?" என்றார். "ஏனுங்க, கண்ணு மூடியிருக்குதுங்க" என்றேன். "கண்ணா? இல்லியே, நல்லா முழிச்சுட்டுச் சுண்டல் தின்னுட்டு இருக்கறா." "பாப்பாவச் சொல்லுலீங்க. ஷட்டரு கண்ணு. அது வேல செய்யறதில்லீங்க." "அதைத்தான அம்மிணி நானும் காலைல இருந்து நெனச்சுட்டு இருக்கறேன். கண்ணு பட்டிருக்குது. எதிர்வீட்டுக்காரி பார்வையே செரியில்ல. அமாவாசை வருதல்ல, வாசல்ல கட்டுன பூசணிக்காய எறக்கிட்டு வேற ஒண்ணு கட்டிருவோம்." எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, அழுகைக்கு முன்னால் வருமே அந்தச் சிரிப்பு. "அதில்லீங்க, ஜெகன் அன்னிக்கு டைரக்ட் பண்ணுனாரே..." "டைரக்ட் பண்ணதுக்கப்பறம் ஒரு நா மக்கர் பண்ணியிருக்குதா, சொல்லு? மோட்டாரப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்? வெய்யி, தீவாரண காட்டறாங்க" என்று வைத்துவிட்டார். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு ஊருக்குப் போகிறோம். மோட்டார்க்காரருக்கு மோட்டாரைப் பற்றி வாயால் சொன்னால் ஏறாது. கலியாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், நான் சொல்லி இவர் கேட்டது கருவேப்பிலை வாங்கி வருவது ஒன்றுதான், அதிலும் பாதி நாள் கொத்தமல்லி வரும்.

கழுத்தில் சொட்டென்று ஒன்று விழுந்தது. தண்ணீர் என்று தடவினால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் உயிரே போகிற நாற்றம். அண்ணாந்து பார்த்தேன். திருஷ்டிப் பூசணிக்காய். ஷட்டர் பெட்டிக்கு வெளியே உறியில் தொங்குகிறது, அதுவும் ஆயுத பூஜைக்குக் கட்டினதுதான், அடிப்பக்கம் அழுகிக் கருநீலமாகி, அதிலிருந்து வடிகிறது. பூத முகம் பாப்பா வரைந்தது, மீசை, கோரைப்பல், முட்டைக்கண், ஸ்கெட்ச் பேனா மழையில் கரைந்து கண்ணிலிருந்து கறுப்பாக வழிந்திருக்கிறது. பூதண்ணன் என்று அவள் பெயர் வைத்திருக்கிறாள், ஸ்கூல் போகும்போது டாட்டா காட்டுவாள். எத்தனை நாளாக இதன் கீழேதான் போகிறோம் வருகிறோம், யார் தலையில் எத்தனை சொட்டு விழுந்ததோ, இதுதான் இந்த வீட்டைக் காப்பாற்றுகிறதாம். குளித்த தலையில் அழுகின தண்ணீரை ஊற்றுகிற காவல். ட்ரிப்பரை அணைத்ததை அணைத்தபடியே விட்டுவிடலாமா? விட்டால் வந்ததும் போட்டுவிடுவார், "மோட்டாரு இருக்கக் கையில தூக்கறதா, நாலு பேரு சிரிக்கமாட்டானா" என்பார். பாப்பாவிடம் ஓடாதே என்றால் எனக்கு முன்னால் ஓடமாட்டாள், அப்பாவுக்கு முன்னால் ஓடுவாள், நாளைக்குத் திங்கட்கிழமை, ஸ்கூல். நான் அடுப்படியில் டப்பாவுக்குச் சோறு அடைத்துக்கொண்டிருப்பேன். சத்தம்தான் முதலில் வரும் எனக்கு. இல்லை. முடியாது. அவருக்கு என்ன புரியும் என்று யோசித்தேன். அவருக்குத் திருஷ்டி புரியும், பரிகாரம் புரியும், நாலு பேர் பார்க்க ரிமோட்டை அமுக்குவது புரியும். சரி, புரிகிறதையே செய்வோம். ஸ்டூலைப் போட்டு ஏறி உறிக் கயிற்றை அவிழ்த்தேன், பூதம் நெஞ்சோடு சாய்ந்து வழுக்கியது, விரல் ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது, வெதவெதவென்று, புழு ஏதோ நெளிந்தது. அய்யய்ய என்று நானே வாய்விட்டுச் சொன்னேன், ஆனால் போடவில்லை, குழந்தையை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கி, ஷட்டர் வந்து உட்காருகிற கோட்டுக்கு நடுவில், இரண்டு கண்ணுக்கும் நேராக, முகம் ரோட்டைப் பார்க்க உட்காரவைத்தேன். துணியை மறுபடி நனைத்து இரண்டு கண்ணையும் சுத்தமாகத் துடைத்தேன், சந்தனம் மறைத்ததால்தான் நிற்கவில்லை என்று நாளைக்கு ஒரு சாக்கு வரக் கூடாது பாருங்கள். ட்ரிப்பரைப் போட்டேன். சுவர் சுவிட்சை அமுக்கி ஷட்டரை முழுக்க மேலே ஏற்றினேன். கையைக் கழுவலாம் என்று குழாயைத் திருப்புவதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டுவிட்டது.

ஷட்டர் முழுக்கத் திறந்திருந்ததால் தெருமுனையில் ரிமோட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று, கார் வந்து ரோட்டிலேயே நின்றது, பூதம் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே. அவர் நெற்றி நிறைய விபூதியோடு, தேங்காய் மூடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாப்பா சுண்டல் பொட்டலத்தோடு மறுபக்கம் இறங்கி, "ஐ, பூதண்ணன் கீழ வந்துருச்சு!" என்று ஓடிவந்தாள், நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "என்ன அம்மிணி, அமாவாசைக்கு முன்னாலயே எறக்கிட்ட?" என்றார் அவர். "ஆமாங்க. கண்ணு கழிக்கோணுமல்ல. ரோட்டுல ஒடைச்சா வண்டி வழுக்கும், அதான் இங்க வெச்சிருக்கறேன். நீங்க ஷட்டர அமுக்குங்க." "அதெப்படி, பூசணிக்கா குறுக்க இருக்குதே, எறங்காது புள்ள." "எறங்காதா?" "எறங்காது. பாதி வந்து மேல போயிரும். கண்ணு இருக்குதல்ல." என் வாயால் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "அதையுந்தான் பாத்துருவோமே, பாப்பாவுக்குக் காட்டுங்க" என்றேன். காட்டுங்க என்று சொன்னால் போதும் அவருக்கு. எதிர்வீட்டு வாசலை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார், ஆள் நிற்கிறார்கள், தேங்காய் மூடியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு ரிமோட்டை நீட்டினார். "பாரு கண்ணு, பூதத்துக்கிட்ட வந்ததும் தானா மேல போயிரும், பாரு." அமுக்கினார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. முக்கால்வாசி வந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பட்டை பூதத்தின் உச்சந்தலையைத் தொட்டது, நிற்கவில்லை, நெற்றி உள்ளே போயிற்று, பாப்பா வரைந்த கண் இரண்டும் ஒன்றோடு ஒன்று நெருங்கி ஒரே கண் ஆயிற்று, அப்புறம் சளக் என்று வெடித்து உள்ளேயிருந்த அழுகல் மொத்தமும் விதையும் நாரும் அவர் வெள்ளை வேட்டியில் முழங்கால் வரைக்கும் வந்து அடித்தது. அவர் பதறிப் பொத்தானை அமுக்கினார், மறுபடி அமுக்கினார், மறுபடி அமுக்கினார், அதற்குள் பட்டை தரையில் உட்கார்ந்து எழுந்திருந்தது, மேலே போகும்போது தோலும் மீசையும் அதோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாப்பாதான் முதலில் பேசினாள். கெக்கெக்கென்று சிரித்தாள். "பூதண்ணன் மக்குப்பா. குனியவே தெரியல. நானா இருந்தா ஓடிருப்பேன், இல்லப்பா?" அவர் வாய் திறந்தது, வழக்கமாக அந்த இடத்தில் ஒரு சபாஷ் கண்ணு வரும், வரவில்லை. பட்டையைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், அவள் உயரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், காலையில் எனக்கு அடுப்படியில் கேட்ட சத்தம் அப்போதுதான் அவருக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். தேங்காய் மூடி கையிலிருந்து விழுந்து அந்தச் சகதியில் உருண்டது. "கண்ணு... அந்தக் கண்ணு எங்க இருக்குது அம்மிணி?" என்று கேட்டார். தூணைக் காட்டினேன். "ஆயுத பூஜைக்கு நீங்க பொட்டு வெச்சு மூடினீங்க. அதனால மூடாம நின்னுச்சு. ஜெகன் வந்து கண்ணையே கழட்டி விட்டுட்டுப் போனாரு. டைரக்டுன்னா அதுதானுங்க." அவர் அந்த வேட்டியோடு சகதியிலேயே குந்தினார். நான் துடைத்தும் ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார், அதில் என்ன தெரியப்போகிறதோ. ரிமோட்டைத் தரையில் வைத்தார், அது சுடுகிற மாதிரி தள்ளி வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன். "ட்ரிப்பர அணைக்கறேன். ஜெகன் வந்து கண்ண மாட்டி, உங்க காலக் குறுக்க வெச்சுக் காட்டுற வரைக்கும் யாரும் போடக் கூடாது. கார் ரோட்டுலயே நிக்கட்டும்" என்றேன். நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. பல் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "கழுவுங்க." வாங்கிக்கொண்டார். ட்ரிப்பரை அணைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், பாதியில் நின்றுவிட்ட பட்டைக்குத் தலையை நீட்டித் தேய்க்கிறார், இடையில் ஒருதரம் திரும்பி வாந்தியெடுத்தார், எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தார். "ரோமம் போகமாட்டேங்குது புள்ள" என்றார். போகாதுங்க என்றேன். பாப்பா என் பிடியில் நெளிந்துகொண்டிருந்தாள், அவள் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்து, பெருக்கானும் பினாயிலும் பூசணியும் கிரீஸும் எல்லாம் அவள் மேலும் ஒட்டியிருந்தது. "உங் கை நாறுதும்மா, விடு" என்றாள். நான் விடவில்லை.